கட்டிலை விட்ட தவக்காலம்

ஒரு மாதமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். வீட்டுக்காரரோடு ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தேன். அதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

என் மகள் ஜெனிஷா டாக்டருக்கு இரண்டாம் வருஷம் படிக்கிறாள். குளச்சலில் எங்கள் வீட்டிலிருந்தே பஸ்ஸில் காலேஜுக்குப் போய்வருகிறாள். இந்த வருஷம் அவளுக்குப் பேத்தோபிசியாலஜி என்று ஒரு பாடம். நோயின் பெயரைச் சொன்னால் போதாதாம். உடம்புக்குள்ளே முதலில் எது கெட்டது, அதனால் அடுத்து எது கெட்டது, கடைசியில் ஏன் கால் வீங்குகிறது, ஏன் மூச்சு வாங்குகிறது... எல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டுமாம்.

அவள் படிக்கிற விதமே தனி. பாடத்தை எனக்குத் தமிழில் விளக்குவாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். "உனக்கு மனசிலாச்சுன்னா எனக்கு மனசிலாச்சுன்னு அர்த்தம்மா" என்பாள். பாராட்டா, கிண்டலா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் நான்காவது வாரம். சனிக்கிழமை மதியம். அடுக்களை வாசலில் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஹார்ட் ஃபெயிலியர். ஹார்ட்டுன்னா ஒரு பம்பு, கேட்டியா? பம்பு தளந்தா ரத்தத்தை முன்னால தள்ளாது. பின்னால தேங்கும்."

"பம்பு நின்னா போட்டுக்குள்ள கடல்தண்ணி கேறுத மாதிரியா?"

"அதேதான். நீ பாஸ். இனி கிட்னிக்க கதையக் கேளு. அதுக்கு வாற ரத்தம் கொறஞ்சு போச்சா... அது என்ன நினைக்கும்? அய்யோ, உடம்புல தண்ணி வத்திப்போச்சுன்னு நினைக்கும். உப்பையும் தண்ணியையும் வெளிய விடாமப் பிடிச்சு வைக்கும்."

"ஏற்கெனவே தேங்கித்தானேட்டி கெடக்கு?"

"அது கிட்னிக்குத் தெரியாதுல்லா! நல்லது செய்யுததா நினைச்சு ஆளை இன்னும் முக்கிரும்."

எனக்கு அந்தக் கிட்னியின் மேல் பரிதாபமாக இருந்தது.

அவள் மேலே போனாள். கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும், உடனே நிமிராது. மல்லாந்து படுத்தால் காலில் கிடந்த நீர் மேலே ஏறி நெஞ்சில் தேங்கும். மூச்சு முட்டும்.

"அதனால படுக்க மாட்டாங்க. முதல்ல ரெண்டு தலகாணி வைப்பாங்க, பெறவு மூணு. கடைசில நாற்காலியில இருந்துதான் உறங்குவாங்க."

என் கையில் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் போட் இன்ஜின் மெக்கானிக். பூசைக்கு வருவார் — ஆனால் கடைசி வரிசை ஆள். அப்படிப்பட்டவர் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று, நெற்றியில் சாம்பல் காய்வதற்குள், "ஈஸ்டர் வரைக்கும் நான் கட்டில்ல படுக்கல. நாற்காலியிலதான் உறக்கம். எனக்க ஒறுத்தல் இது" என்றார்.

எங்கள் பக்கம் தவக்காலத்தில் ஒருவர் மீனை விடுவார். ஒருவர் பீடியை விடுவார். ஒருவர் செருப்பை விடுவார். இவர் கட்டிலை விட்டார். யாருக்குச் சந்தேகம் வரும்?

அதற்கு முன்பே அவர் தலைமாட்டில் தலையணை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியிருந்தது. உறை மாற்றியதே நான்தான். கண்ணில் பட்டது... மனதில் படவில்லை.

அன்பியம் என்று எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. இவர் கட்டிலை விட்டதை அங்கே போய்ப் பெருமையாகச் சொன்னேன். "உனக்க மாப்பிள்ளைக்குக் கோயில்ல புனிதர் வரிசையில சுரூபம் வச்சிருவோம்" என்று பக்கத்து வீட்டு மேரி சிரித்தாள். "வை, மெழுகுவர்த்தி நான் கொண்டாறேன்" என்றேன் நானும்.

மகள் பாடம் சொன்ன அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்தார். மூன்றே படிதான் எங்கள் வீட்டு வாசலுக்கு. ஏறியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேருங்க, இப்பிடி இருந்து காலை நீட்டுங்க."

"எதுக்குட்டி? பாதம் கழுவப் போறியா? அதுக்குப் பெரிய வியாழன் வரலியே."

நான் சிரிக்கவில்லை. கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தினேன். எடுத்தேன். குழி அப்படியே இருந்தது.

ஜெனிஷாவும் அதைப் பார்த்துவிட்டாள். "எத்தனை நாளா அப்பா?"

அவர் என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார். "சாம்பல் புதனுக்கு முந்தின வாரம், அம்மை அன்பியத்துக்குப் போயிருந்தா. நீ ஒத்தையில இருந்து இந்தப் பாடத்தைச் சத்தம்போட்டுப் படிச்ச. நான் முற்றத்துல நின்னு கேட்டேன். பம்புக்க கதை எனக்குத் தெரியாதா மக்கா? அது எனக்க கதைன்னு அன்னைக்கே மனசிலாச்சு."

"பின்ன ஏன் சொல்லல?"

"உனக்குப் பரீட்சை முடியட்டும்னு நினைச்சேன். ஈஸ்டர் கழிஞ்சு ஒரு வாரத்துல முடிஞ்சிருமே..."

கடவுள் பெயரில் ஒரு பொய்! திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மகள் அழுதுவிட்டாள். "நீங்களும் அந்தக் கிட்னி செய்யுததையே செஞ்சிருக்கிய அப்பா" என்றாள். கொஞ்சம் கழித்து, "நான் புத்தகத்தைப் பாத்தேன். உங்களைப் பாக்கலியே..."

மேரியின் மகன் ஆட்டோவை எடுத்தான். பத்து நாள் ஆஸ்பத்திரி. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். இதயம் தளர்ந்துவிட்டது, இனி பழையபடி ஆகாது. ஆயுசுக்கும் மாத்திரை. உப்பு குறைக்க வேண்டும். இன்ஜின் தூக்கக் கூடாது. உயிரோடு விட்டாரே ஆண்டவர், அது போதும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நான் யோசித்தது ஒன்றுதான். அவர் மறைத்தது மகளுக்காக. நான் மெச்சியது கடவுளுக்காக. இரண்டுமே நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் போதுமா? பக்கத்தில் இருப்பவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று ஒரு நிமிஷம் காதுகொடுக்க வேண்டாமா? பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதை நான் முழங்காலில் நின்று சொன்னேன். அவரும் சொன்னார் — உட்கார்ந்தபடி.

மகள் பரீட்சை எழுதிவிட்டாள். ஹார்ட் ஃபெயிலியர் கேள்வி வரவே இல்லையாம்.

இப்போது தினமும் சாயங்கால ஜெபமாலை முடியும்போது அவர் காலை நீட்டுகிறார். ஜெனிஷா குனிந்து பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறாள்.

குழி இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் ஆமென்.