கால்சா முற்றத்தில் ஒரு போலந்துப் படம்

மாலை ஏழரைக்கு பகேரியாவில் ரயில் ஏறினோம். சிசிலியின் பெரிய நகரமான பலெர்மோ பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். என் மகள் ஜெசிந்தாவுக்கு முப்பத்தொரு வயது. இங்கே, சிஞ்ஞோரா என்று அவள் கூப்பிடும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறாள். எங்கள் ஊர் மன்னாரில் பார்த்து வைத்த மாப்பிள்ளைக்குச் சம்மதம் வாங்கவே நான் வந்திருந்தேன். கலியாணம் நடந்தால் ஊரோடு வந்துவிடுவாள். மனைவி காலமானபின் வீட்டில் நான் தனி. மூன்று வாரமாகக் கேட்டும் பதில் இல்லை. இன்று, படம் பார்க்கப் போவோம் என்றாள்.

எட்டரை மணி. பலெர்மோவின் பழைய பகுதியான கால்சாவில் புதுப்பித்த மாளிகை ஒன்றின் முற்றம். மதிலுக்கு அப்பால் ஏழை வீடுகளின் துணிகள் காய்ந்தன. நுழைவு ஐந்து யூரோ. ஒன்பது வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு கதிரை. ஓரத்தில் இடம் கேட்டேன், நடுவில் இருத்தினாள்.

படத்தில் தாயில்லாத இருபத்திரண்டு வயதுப் பெண். தகப்பன் அவளைத் தேவாலயத்துக்கு அன்றி எங்கும் விடுவதில்லை. ஆப்பிள் பறிக்க வந்தவன் அவள் உள்ளங்கையில் குத்திய முள்ளை எடுக்கிறான். எடுத்த பிறகும் அவள் கையை இழுக்கவில்லை. மறுநாள் தனியே ஆற்றில் இறங்குகிறாள். தண்ணீர் இடுப்புக்கு ஏறியதும் கண்ணை மூடிச் சிரிக்கிறாள். பின்னால் அவன் வருகிறான்.

எங்கள் வீடுகளில் டீவியில் இப்படிக் கட்டம் வந்தால் தகப்பன் இருமிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழும்புவார். திரும்பும்போது கட்டம் முடிந்திருக்கும். நானும் இருமினேன். ஜெசிந்தா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"இருங்கோ அப்பா. நீங்கள் எழும்பிப் போற கட்டத்தைப் பற்றித்தான் எனக்குக் கதைக்க இருக்கு."

இருந்தேன். முத்தம் நான் பயந்த அளவு நீளமில்லை. அடுத்த காட்சியில் அவள் வீடு திரும்ப, எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். நான், அவளைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு மேசையில் காத்திருந்த தகப்பனைப் பார்த்தேன்.

படம் முடிந்து துறைமுகப் பக்கம் நடக்கும்போது, தான் விரும்புகிறவரைப் பற்றிச் சொன்னாள். பக்கத்து மீனவர் ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடையில் மீன் சமைக்கும் மொரிசியஸ்காரர். தமிழ் வம்சம், சைவ சமயம்.

"பங்குத்தந்தைக்குத் தெரியுமோ?" என்றேன்.

"அவருக்கு முதல் உங்களுக்குச் சொல்லுறன். மன்னார்க்காரர் நல்லவராத்தான் இருப்பார், அப்பா. ஆனா இவர் பக்கத்திலை நிண்டாத்தான் என்ரை உடம்பு என்ரை எண்டு தெரியுது."

இதை ஒரு மகள் தகப்பனுக்குச் சொல்வாளா என்று வழியெல்லாம் யோசித்தேன். சொல்லிவிட்டாள்.

நான் ஊருக்குப் புறப்பட்ட நாள் விமான நிலையம் வரை வந்தாள். அவள் போனதும் மாப்பிள்ளையின் தகப்பனைத் தொலைபேசியில் அழைத்து, இந்தக் கலியாணம் சரிவராது என்றேன். அவர் காரணம் கேட்டார். "அவள் இஞ்சை வேறொருத்தரை விரும்புறாள்" என்றேன். மன்னாரில் இதைக் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள். நான் சத்தமாகவே சொன்னேன். சுற்றிலும் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.