சலூன் தொட்டியின் பச்சை

அந்தச் சலூன்காரருக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. கழுத்தில் துணி சுற்றிய ஆள் எழுந்து ஓடவும் முடியாதாகையால், இத்தனை வருடத்தில் அவர் பேச்சுக்குக் கேட்பார் குறைந்ததே இல்லை. கடையில் இரண்டு நாற்காலி. இரண்டாவதில் வேலை பார்ப்பவன் மனைவியின் தம்பி. சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியின் அழகு நிலையம். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் திருத்துவதில் அவளை அடிக்க ஆளில்லை. கடைகள் ஒட்டி ஒட்டித்தான் இருந்தன. ஆனாலும் பகலில் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அபூர்வம்.

ஒருநாள் சலூன் டிவி புகைந்து அணைந்தது. காத்திருந்தவர்கள் வெறும் சுவரை முறைத்துக்கொண்டிருப்பதைச் சகிக்க முடியாமல், ஒரு கண்ணாடித் தொட்டி வைக்கலாமென்று மீன் வாங்கப் போனார். வந்தது தவளைகளோடு. கட்டைவிரல் அளவுகூட இல்லாத இரண்டு தண்ணீர்த் தவளைகள். தரைக்கே வராத சாதி. மூச்சு வாங்க மட்டும் மேலே வந்து மூக்கை நீட்டிவிட்டு, மறுபடி அடிக்குப் போய்விடும்.

அழகுக்காகத் தொட்டியில் பிளாஸ்டிக் செடி வைத்தார். சீக்கிரமே ஒரு தவளையின் தொடையில் சிவப்பாய் ஒரு கீறல். மனைவி குனிந்து பார்த்தாள்.

“ஷேவ் பண்றப்போ யாருக்காவது லேசா கீறினாலே அன்னிக்கு உங்களுக்குச் சாப்பாடு எறங்காது. இது வாயில்லா ஜீவன். இதுக்காக யாருங்க வந்து சண்டை போடறது?”

அவருக்குச் சுருக்கென்றது. பிளாஸ்டிக் குப்பைக்குப் போனது. நிஜச் செடிதான் வைப்பதென்று வேலம்பாசி வாங்கிவந்து, நாற்று நடுவதுபோல் மணலில் வரிசையாக நட்டார். காலையில் கடையைத் திறந்தால் அத்தனையும் வேரோடு மிதக்கிறது. குரங்கு கையில் கிடைத்த பூமாலைதான். மறுபடி நட்டார். தவளைகள் மறுபடி பிடுங்கிப் போட்டன.

“மாமா, யாரு ஜெயிக்கறாங்கன்னு பந்தயம் கட்டலாமா?” என்றான் மைத்துனன்.

“உன் தலையைக் கட்டு. வாடிக்கையாளர் காத்திருக்கார் பாரு மாப்ள.”

மீன்தொட்டிக் கடைக்கார அம்மாளிடம் முறையிட்டார். அவள் தடித்த இலைச் செடிகள் சிலவற்றைக் கொடுத்து, எப்படி வைக்க வேண்டுமென்றும் சொன்னாள். ஆனால் அவள் சொன்ன நேரமெல்லாம் இவரும் பேசிக்கொண்டிருந்தார். வந்து, கிழங்கு மாதிரி இருந்த தண்டை மணலுக்குள் ஆழமாகப் புதைத்தார். தண்டு அழுகியது. தண்ணீர் நாறியது. தவளைகள் அடியில் தங்காமல் மேலேயே தொங்கின, புழு போட்டாலும் சீந்தவில்லை. அன்று சலூனில் பேச்சுச் சத்தமே இல்லை. வந்தவர்கள் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றிவிட்டு மறுபடி அம்மாளிடம் ஓடினார். இந்த முறை வாயை மூடிக்கொண்டு கேட்டார்.

“தண்டைப் புதைச்சா அழுகத்தானே செய்யும்? கல்லு மேல வச்சுக் கட்டுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! வேர் தானாக் கல்லைப் புடிச்சுக்கும். அப்புறம் அதுங்க தலைகீழா நின்னாலும் பிடுங்க முடியாது.”

விடுமுறை நாளில் கடையைப் பாதி மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கத்தரிக்குப் பழகிய கைக்கு முடிச்சுப் போட வரவில்லை. ஒன்று நூல் நழுவியது, இல்லையென்றால் இலை ஒடிந்தது.

“தள்ளுங்க” என்று மனைவி வந்து உட்கார்ந்தாள். பல்லில் நூலைக் கடித்தாள். விரல்கள் இரண்டு சுற்றுச் சுற்றின. செடி கல்லில் உட்கார்ந்துவிட்டது.

“புருவத்துக்கு இது எவ்வளவோ தேவலை. கத்தாது.”

“நூலை வச்சுக்கிட்டு என்னத்தக் கிழிக்கறேன்னு இனிமே கேட்டா என்னைச் செருப்பால அடி.”

“சொன்ன வாய் மறந்துடும். செருப்பு மறக்காது” என்றாள். இருவரும் சிரித்தார்கள். அவர் கல்லைப் பிடித்துக்கொடுக்க, அவள் கட்டினாள். மத்தியானச் சாப்பாட்டை நாற்காலியிலேயே வைத்துச் சாப்பிட்டார்கள்.

அந்தச் செடிகள் நிலைத்தன. மேலே ஆகாயத்தாமரை விட்டார். அதன் வேர் தாடிபோல் இறங்கி வெளிச்சத்தை மட்டுப்படுத்தியது. தவளைகள் மேலே ஒரு இலையில் வயிற்றைக் கிடத்தி, காலைத் தொங்கப்போட்டுத் தூங்கின. கீறல் ஆறிய இடம்கூடத் தெரியவில்லை.

பிறகொரு நாள் கடையில் மெல்லிய ரீங்காரம் கேட்டது.

“மாப்ள, மெஷினை ஆஃப் பண்ணுடா. சும்மா ஓடுது.”

“நான் சீப்புதானே மாமா வச்சிருக்கேன்!”

தேடிக் கடைசியில் தொட்டியருகே போனால், ஆண் தவளை வேர்களுக்கிடையில் பாடிக்கொண்டிருந்தது.

செடி அடர்ந்து, தொட்டிக்குள் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போனபோது, மத்தியானம் சாப்பிட வந்த மனைவி சொன்னாள்:

“ஏங்க, மூணு இருக்கு.”

“ரெண்டுதான். வாங்கினவன் நான், எனக்குத் தெரியாதா?”

“கண்ணாடியப் போட்டுட்டு வந்து பாருங்க.”

வேர்த்தாடிக்குள் ஒரு நகத்தளவு உருவம். வால் இன்னும் முழுதாக மறையவில்லை. பின்னங்கால் மட்டும் அச்சாகத் தாயைப் போல. எப்போது முட்டை வந்தது, பெற்றதுகளே தின்றுவிடாமல் எப்படித் தப்பித்தது, யாருக்கும் தெரியாது. மைத்துனன் சீப்போடு வந்து நின்றான். நாற்காலியிலிருந்த ஆள் கூப்பிட்டுப் பார்த்துச் சலித்து, முகமெல்லாம் நுரையோடு எழுந்து வந்து அவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“எங்க? எங்க?”

“அந்த இலைக்குப் பின்னால பாருங்க. நுரை மட்டும் தண்ணில விழாமப் பாத்துக்கோங்க” என்றார் சலூன்காரர்.