படகுக்கு வைத்த பொட்டு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, தவசி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாக முத்துப்பாண்டிக்குப் போன் வந்தது. வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு வண்டியைக்கூடச் சொன்ன தேதியில் கொடுத்தறியாத பெயிண்டர், இந்த ஒரு முறை இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார்.

முத்துப்பாண்டி அப்போது கோச்சடைப் பட்டறையில் பள்ளிக்கூட வேனின் கதவைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தான். தவசி அவனுடைய அக்கா சோலையம்மாளின் கணவர். பட்டறையில் தட்டுவது இவன், பூசுவது அவர். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவன் முதலில் திரும்பிப் பார்த்தது படகைத்தான்.

ஆமாம், படகு. ஆகாயத்தாமரை வளரும் அளவுக்கு மட்டும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிற ஊரில், இருபத்து நாலு அடிப் பாய்மரப் படகு. தெற்கு மாசி வீதியில் மூன்று தலைமுறையாகச் சேலை விற்கும் குடும்பத்துப் பையன் உமேஷ் அதைத் தூத்துக்குடியில் வாங்கியிருந்தான். அவன் குடும்பத்தில் யாரும் தெப்பக்குளத்தைத் தாண்டி ஆழம் பார்த்ததில்லை. இவன் வெளிநாட்டில் வேலை பார்த்தபோது பாய் விரிக்கக் கற்றுக்கொண்டு வந்துவிட்டான். கடலோரத்தில் கிடந்ததை லாரியில் ஏற்றி, கடலே இல்லாத ஊருக்குக் கொண்டுவந்ததற்கு அவன் சொன்ன காரணம்: அப்பாவின் வேனுக்குத் தவசி அண்ணன் அடித்த பெயிண்ட் பன்னிரண்டு வருஷமாக உரியவில்லை.

இந்தப் புகழ்ச்சியில் தவசி விழுந்தார். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாத பெயிண்ட் அடிக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் இரண்டு வருஷம் நிற்க வேண்டும். "நிக்கும் தம்பி, நான் சொல்றேன்ல," என்றார். கடலை அவர் பார்த்தது ராமேஸ்வரத்தில் ஒரு தடவை. அதுவும் கரையில் செருப்புக்குக் காவல் இருந்தபடி.

அவர் பூசிய டவுன் பஸ்ஸின் பக்கவாட்டைப் பார்த்துத் தலை சீவலாம். படகு விஷயத்தில் எல்லாம் தலைகீழ். வழவழப்பாக இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. உப்புத்தாளை வைத்துச் சொரசொரப்பாக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கீறலை மறைத்துச் சோறு தின்ற மனிதர், உட்கார்ந்து கீறல் போட்டார். செத்த சிப்பிகளைச் சுரண்டினார். நல்ல தண்ணீரில் கழுவினார். படகு கவிழாமல் இருக்க அடிவயிற்றில் ஒரு கனத்த இரும்புப் பலகை தொங்கும். தூத்துக்குடிக்காரர்கள் அதை ஏரா என்பார்களாம். அதைத் துருப் போகத் தேய்த்து, மறுபடி துரு பூக்கும் முன் பிரைமர் அடித்தார். அதன் பிறகு வெறுங்கை படக்கூடாது, கையில் இருக்கும் எண்ணெய்ப்பசையே போதும், மேல் பூச்சு உரிந்துவிடும் என்று உமேஷ் சொல்லியிருந்தான். தவசி சுவரில் சாக்பீஸால் 'தொடாதே' என்று எழுதினார்.

"சாமி இல்லைன்னு சொல்லிட்டு இப்பப் படகுக்கு மடி பாக்குறீகளே மாமா," என்றான் முத்துப்பாண்டி.

தவசி கோயில் வாசலில்கூட நிற்காதவர். பெயரை வைத்தது அப்பன், அதற்கு நான் பொறுப்பில்லை என்பார். ஆயுத பூஜை அன்று வழக்கம்போல் கறிதோசை தின்னப் போய்விட்டார். முத்துப்பாண்டி விளக்குக்கு எண்ணெய் ஊற்றி, அதே கையால் கம்ப்ரஸருக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். பத்து நாளில் திரும்பிப் போகப்போகிற வேனுக்கும் வைத்தான். நாளைப்பின்னே கடல் தண்ணீரில் இறங்கப்போகிற ஒன்று மட்டும் மொட்டை நெற்றியோடு நிற்பதா என்று தோன்றியது. படகைச் சுற்றி வந்து நாற்பத்தொரு பொட்டு வைத்தான். மறுநாள் தவசி வருவதற்குள் ஈரத்துணியால் துடைத்தும் விட்டான். அவ்வளவு நேர்த்தியான வேலைக்காரன்.

அதன்மேல் தவசி இரண்டு பூச்சு அடித்தார். பத்து நாள் கழித்து உமேஷ் வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தான். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக உரிந்து வந்தது. அடியில் மஞ்சள் கறை. பக்கத்தில் இன்னொன்று.

உமேஷ் இருவரையும் பார்த்தான். முத்துப்பாண்டி குனிந்து சுத்தியலை எடுத்தான்.

"நான்தான் தம்பி பொட்டு வச்சேன். நல்லா இருக்கட்டுமேன்னு," என்றார் தவசி.

கட்டின தாலிக்கே பொட்டு வைக்காத மனிதர் சொன்னார். உமேஷ் தலையாட்டிவிட்டுப் போனான்.

மறுநாளே தவசி மொத்தத்தையும் மறுபடி சுரண்ட ஆரம்பித்தார். பொட்டு விழுந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதாதா என்று முத்துப்பாண்டி மெதுவாகக் கேட்டான்.

"எங்கெங்க கை பட்டுச்சுன்னு வச்சவனுக்கே தெரியாதுல்ல மாப்ள," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் முத்துப்பாண்டி அன்றைக்கே உமேஷிடம் போய்ச் சொல்லியிருப்பான்.

மூன்று வாரம் தனியாகத் தேய்த்தார். உதவிக்குப் போனவனை, கையைக் கழுவிட்டு வா என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். சனிக்கிழமை எல்லாம் முடிந்தது, ஓர் இடம் தவிர. ஏராவின் அடிப்பாகம் மரக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. கிரேன் தூக்கும்போதுதான் அதற்கு அடிக்க முடியும். அதற்கென்று ஒரு சின்ன டப்பாவில் பெயிண்ட் எடுத்து, பிரஷ்ஷைப் பக்கத்தில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலித்தது.

படகை வெள்ளிக்கிழமை தருவதாகத் தவசி சொல்லியிருந்தார். காரியம் முடியட்டும், பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்றான் உமேஷ். சோலையம்மாள் கேட்கவில்லை. சொன்ன தேதியில் ஒன்றாவது போகட்டும் என்றாள்.

வெள்ளிக்கிழமை கிரேன் வந்து படகை ஒரு முழம் தூக்கியது. கட்டைமேல் இருந்த இடம் முழுக்கத் துரு. முத்துப்பாண்டி சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவிவிட்டு வந்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். தின்னர் போட்டுத் துடைத்தான். பிரைமர் அடித்தான். அது இறுகி, மேல் பூச்சு அடிக்க மூன்று மணி நேரம் ஆகும்.

"தொங்கவிட்டுக்கிட்டு எம்புட்டு நேரம்ணே நிக்கிறது? ஆனையூர்ல அடுத்த வேலை கிடக்கு," என்றார் கிரேன்காரர்.

முத்துப்பாண்டி உமேஷ் பக்கம் திரும்பினான். "தம்பி, அந்தப் பொட்டு நான் வச்சது."

"அன்னைக்கே தெரியும்ணே," என்றான் உமேஷ். "அவரு மூஞ்சில என்னைக்காவது பொட்டைப் பாத்திருக்கோமா?"

கிரேன்காரர் இருபது நிமிஷம் பொறுத்துவிட்டுப் படகை லாரியில் ஏற்றினார். லாரி தூத்துக்குடிக்குப் போய்விட்டது. ஏராவின் அடியில், ஒரு சாண் அகலத்துக்கு, பிரைமர் மட்டும்தான் இருக்கிறது. தவசி எடுத்துவைத்த டப்பா இன்னும் திறக்கப்படவில்லை.