பனியில் கேட்ட பேராவூரணி

இன்று காலை வாசல் தெளிக்கப் போனால் எதிரே வயலையே காணோம், வெறும் பனி. பூதலூர் ஸ்டேஷனில் ரயில் ஊதியது, நம் கொல்லைக்குள் நின்று ஊதுகிற மாதிரி இருந்தது. பனிக் காலையில் தூரத்துச் சத்தம் இப்படிக் கிட்டே வந்துவிடும். ரேடியோவும் அப்படித்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அவர் லைசென்ஸ் வாங்கி ஹாம் ரேடியோ வைத்திருந்தார். அதோடு கம்ப்யூட்டரைக் கோத்து, தட்டச்சு செய்த சேதியை ஊர் விட்டு ஊர் அனுப்புவார். ‘கிர்ர்க்’ என்று தவளை கத்துகிற மாதிரி ஒரு சத்தம், சேதி போய்விடும். அஞ்சாங்கிளாஸோடு நின்ற எனக்கு, உள்ளே தவளைதான் தபால் சுமக்கிறது என்று ரொம்ப நாள் நினைப்பு. சிரிக்காதீர்கள்.

பேராவூரணியில் என் தம்பி தெருவில் ஒரு மருந்துக்கடைக்காரரிடமும் அப்படி ஒரு செட் உண்டு. ஆனால் அது தூரம். நம் சேதி ஒரத்தநாட்டு நண்பர் வீட்டில் இறங்கித்தான் அங்கே போகும். எந்த ஊருக்கு எது வழி என்று பெட்டியே ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

ஒரு வருஷம் மார்கழி பிறந்த புதிதில், இதே மாதிரிப் பனியில், பேராவூரணி நேராகவே கேட்டுவிட்டது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "இந்தா, உன் தம்பி ஊரு இனிமே பக்கத்து வீடு!"

அந்த மாசமே புயல். பேராவூரணிப் பக்கம் கடுமை என்றார்கள். போன் இல்லை, கரண்ட் இல்லை. டிராக்டர் பேட்டரியில் செட்டை ஓட்டி, தம்பி குடும்பம் எப்படி என்று கேட்டு அனுப்பினார். தவளை கத்திக்கொண்டே இருந்தது, பதில் இல்லை. கம்பத்தில் ஏறி ஏரியலைத் திருப்பினார், ஒயரைச் சுரண்டினார். உலை வைத்த எனக்கு அரிசி போட்டேனா என்றே நினைவில்லை.

அப்போது ஒரத்தநாட்டு நண்பர் மைக்கில் கூப்பிட்டார். "என்னண்ணே, பேராவூரணிப் பெட்டி நம்மகூட நல்லாத்தான் கத்திக்கிட்டிருக்கு. உங்க சேதி ஒண்ணும் எங்கிட்ட வரலியே? என்னைய ஒதுக்கிட்டு நேராவே போறீங்களாக்கும்?"

இவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பனியில் கேட்ட வழியைப் பெட்டி கொஞ்ச நேரத்தில் தானே மறந்துவிடுமாம். மறக்காதபடி இவர் அதைப் பூட்டி வைத்திருக்கிறார். பனி போன பிறகும் அது இல்லாத வழியிலேயே சேதியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"அதை எதுக்குங்க பூட்டுனீங்க?"

"தம்பி தூரமா இருக்கான், தூரமா இருக்கான்னு நீதானே சொல்லிக்கிட்டிருப்ப..."

அந்த வழியை அழித்து, ஒரத்தநாடு வழி என்று போட்டார். மருந்துக்கடைக்காரர் போய்ப் பார்த்துவிட்டு, தம்பி சொன்னதை அப்படியே அனுப்பினார்: "தென்னை பூராவும் சாஞ்சிருச்சு. எல்லாரும் இருக்கோம். அக்காவ அழ வேணாம்னு சொல்லுங்க."

அழாமல் எப்படி? "அண்ணி அழுவுறாங்களா? மைக்க அவங்ககிட்ட குடுங்கண்ணே" என்றார் ஒரத்தநாட்டுக்காரர். நான் வெட்கப்பட்டு அடுப்படிக்கு ஓடினேன். உலையில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

இப்போது தம்பி முகத்தையே போனில் பார்க்கிறேன். சேதி எதுவும் ஒரத்தநாட்டில் இறங்குவதில்லை. கம்பத்தில் துணிக்கொடி கட்டியிருக்கிறது. வெயில் ஏறியதும் ரயில் மறுபடி தன் தூரத்துக்கே போய்விட்டது. அதைக் கிட்டேயே பூட்டி வைக்கிற ஆள்தான் இல்லை.