சாய்த்து முடுக்கிய ஸ்குரு

1997 ஆனி மாதம் கோவில்பட்டியில் ஒரு மரக்கடையின் இழைப்பு மெஷின், வெயிலுமுத்து ஆசாரியின் இடது கைக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் எடுத்துக்கொண்டது. அவருக்கு அப்போது நாற்பத்தோரு வயது. ஓட்டப்பிடாரம் வரைக்கும் நிலைக்கும் கதவுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

காயம் ஆறியதும் உளியைப் பிடித்துப் பார்த்தார். மீதி மூன்று விரலில் உளி நிற்கவில்லை. உளி நிற்காவிட்டால் மரத்தில் துளை பொளிக்க முடியாது. துளை இல்லாமல் மேசைச் சட்டத்தை அதன் காலில் கோக்க முடியாது. இருபது நாள் வீட்டில் யாரிடமும் பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குச் சாப்பிட்டார்.

இருபத்தோராம் நாள் கரண்டு டிரில்லரை எடுத்தார். அதற்கு ஒரு கை போதும். காலுக்கு வெளியிலிருந்து ஸ்குருவை நேராக முடுக்கினால், அது சட்டத்தின் முனையில் நார் வழியே போகும், பிடிக்காது. அதனால் சட்டத்தின் உள்பக்கத்திலிருந்து சாய்வாக ஓட்டை போட்டு, ஸ்குருவைக் காலுக்குள் ஏற்றினார். முதல் சட்டம் பிளந்தது. ஸ்குருத் தலை ஆப்புப்போல இறங்கியதுதான் காரணம். மறுதடவை தலைக்குத் தனியாக அகல ஓட்டை போட்டு, அடியில் வாஷர் கொடுத்தார். பிளக்கவில்லை, ஆனால் முடுக்கும்போது சட்டம் ஒரு நூலளவு நகர்ந்துவிட்டது.

மனைவி முத்துத்தாய் வந்து குனிந்தாள்.

“நான் அமுக்கிப் பிடிக்குதேன். நீங்க முடுக்குங்க.”

“கையால பிடிச்சா நகரும். இறுக்கிப் பிடிக்கக் கிளாம்பு போடணும்.”

“அப்ப எனக்கு என்ன வேலை?”

“நகருதான்னு பாரு.”

கிளாம்பு போட்டு முடுக்கினார். நகரவில்லை. இருபது நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் முதலில் பேசியது அதுதான். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

மாசியில், தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் லிங்கராஜ் லேபிள் ஒட்டுவதற்கு ஒரு மேசை கேட்டிருந்தார். கொண்டுபோய்ப் போட்டதும் அடியில் எட்டிப் பார்த்தார்.

“என்ன ஆசாரியாரே, வெறும் ஸ்குருவா இருக்கு. தாங்குமா?”

“தாங்கும்னுதான் நினைக்குதேன். போட்டுப் பாருங்க.”

ஜன்னலோரம், பழைய மேசை ஒன்றின் பக்கத்தில் போட்டார்கள்.

அந்த வாரம் தேர்தல் கூட்டத்துக்காக ஊருக்குள் ஹெலிகாப்டர் வந்தது. சத்தம் கேட்டதும் லேபிள் ஒட்டிய பெண்கள் எல்லாரும் இரண்டு மேசையிலும் ஏறினார்கள். பழைய மேசை கால் கழன்று உட்கார்ந்தது. அதிலிருந்த ஐந்து பேரும் லேபிள் கட்டுகளோடு தரையில் இருந்தார்கள், யாருக்கும் காயமில்லை. ஆசாரியின் மேசையில் ஒன்பது பேர் நின்றபடியே இருந்தார்கள்.

லிங்கராஜ் ஓடிவந்தார். “ஹெலிகாப்டர் எங்க?”

“இறங்கிட்டு அண்ணாச்சி,” என்றாள் மேசை மேல் இரண்டு ஆள் இடத்தை அடைத்து நின்ற பெருமாயி. “நாங்க முழுசா பாத்தோம். அவிய பாக்கல.”

லிங்கராஜ் எல்லாரையும் இறங்கச் சொன்னார். குனிந்து, நான்கு மூலையையும் ஆட்டிப் பார்த்தார். அசைவு இல்லை. அன்று சாயங்காலமே சைக்கிளில் ஆசாரி வீட்டுக்கு வந்து, இன்னும் பதினெட்டு மேசை வேண்டும் என்றார். நடந்ததையும் சொன்னார்.

வெயிலுமுத்து கேட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. கொல்லைப்புறம் போய் முகம் கழுவினார். அதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. திரும்பி வந்து, “ஒன்பது பேருன்னு சொன்னியளே, அதுல பெருமாயியும் உண்டா?” என்று கேட்டார்.

“உண்டு.”

“அப்ப பத்துன்னு வச்சிக்கிடலாம்,” என்றவர், மறுநாள் இன்னும் கிளாம்பு வாங்க மதுரைக்குப் பஸ் ஏறினார்.