சுங்காய்க்கு அனுப்பிய ராக்காயி

சீனிக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அது குறைவு. ஈப்போ நகரத்தில் தோட்ட நிர்வாகக் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் ஒன்பது வருஷமாக அவன் வைத்ததுதான் சட்டம். எண்பத்தெட்டாம் வருஷம் மெஹர்பானு லண்டனில் படித்துவிட்டு வந்து சேர்ந்தாள். மூன்றே மாதத்தில் மேனேஜர் பழனியப்பன் எதற்கெடுத்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார். அவள் பெயர் காதில் விழும்போதெல்லாம் சீனிக்குக் குடிக்கிற கோப்பி கசந்தது. அவளோ அவனை வாய் நிறைய அண்ணே என்றாள். அது இன்னும் எரிச்சல்.

சுங்காய் தோட்டத்து ஆப்பீசுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. தொழிலாளர் விவரங்களை ஈப்போவிலிருந்து டெலிபோன் லைன் வழியாக அங்கே அனுப்ப வேண்டும். அதைச் செய்து காட்டுபவருக்குப் புதிய பிரிவின் தலைவர் பதவி. வேலை மெஹர்பானுவிடம் போனது.

அவள் வழி புதுசு. ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு 'ஆப்ஜெக்ட்' என்றாள். பெயர், வீடு, பிள்ளைகள் எல்லாம் சேர்த்துக் கட்டிய பொட்டலம். டெலிபோன் கம்பிக்குள் பொட்டலம் நுழையாது. அதைப் பிரித்து, வரிசையாக அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடியும் பழையபடி கட்ட வேண்டும்.

திங்கட்கிழமை புரோகிராமை அச்செடுத்து சீனியிடம் நீட்டினாள்.

"ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கண்ணே. நீங்க பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

இரண்டாம் பக்கத்திலேயே சீனி பிடித்துவிட்டான். பெயரையும் வீட்டையும் எழுத்தாக அனுப்பியவள், பிள்ளைகளை அனுப்பவே இல்லை. அவர்கள் விவரம் ஈப்போ மெஷினுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்ற எண்ணை மட்டும் அனுப்பியிருந்தாள். ஈப்போவிலேயே சோதித்ததால், அந்த எண்ணைத் தேடிப் போனால் பிள்ளைகள் இருந்தார்கள். சுங்காய் மெஷினில் அதே எண்ணில் என்ன இருக்கும்? சிலிம் ரிவர் தோட்டத்தில் சீனியின் குடும்பம் இருந்தது மூன்றாம் லயத்து வரிசையில் ஏழாம் வீடு. சுங்காய்க்கு மாற்றலாகி வந்த அன்று பழைய நினைப்பில் அங்கேயும் மூன்றாம் லயம், ஏழாம் வீட்டுக் கதவைத் திறந்தால் கங்காணியின் ஆடு நின்றது. லயத்துப் பிள்ளைக்குத் தெரிந்தது லண்டன்காரிக்குத் தெரியவில்லை.

"எல்லாம் நல்லா இருக்கு லா," என்றான். அன்று மத்தியானம் அவனுக்கு இரண்டு தட்டுச் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை, அனுப்பிக் காட்டுவதைப் பார்க்க எல்லோரும் கம்ப்யூட்டர் அறையில் கூடினார்கள். முதலில் யாருடைய விவரத்தை அனுப்புவது என்று பழனியப்பன் கேட்டார்.

"சீனி அண்ணனோட அம்மாவ," என்றாள் மெஹர்பானு. "சுங்காய்லதான வேல பாக்குறாங்க, அவங்களையே அங்க ஆப்பீசுக்கு வரச் சொல்லியிருக்கேன். இத்தன வருஷம் இந்த ரூம கட்டிக் காத்தது அண்ணன்தான சார்."

அப்போதாவது சீனி சொல்லியிருக்கலாம். பதவி கண் முன்னால் நின்றது, வாயைத் திறக்கவில்லை.

மெஷின் கீச்சிட்டு ஓய்ந்தது. சற்று நேரத்தில் டெலிபோன் மணி அடித்தது. சீனிதான் எடுத்தான். அந்தப் பக்கம் அவன் அம்மா ராக்காயி.

"சீனி, ஆப்பீசுல கணக்கு எழுதுற கிராணி படிச்சுக் காட்டுனாருடா. எம் பேரு இருக்கு, வீடு இருக்கு. பிள்ளைங்கன்னு போட்ட எடத்துல ஒண்ணுமே இல்லையாம். நல்லாப் பாருங்கய்யான்னு சொன்னேன், ரெண்டு தடவ பாத்துட்டாரு. ஒன்ன நான் பெக்கலையாடா?"

விஷயம் என்னவென்று சீனியின் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். பழனியப்பன் மெஹர்பானு பக்கம் திரும்பினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, தப்பு தன்னுடையதுதான் என்றாள். ஐந்து நாளாக சீனி காத்திருந்த வார்த்தை அது. ஆனால் ரிசீவர் இன்னும் அவன் காதில் இருந்தது. அம்மா பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"திங்கக்கெழமையே பாத்துட்டேன் சார்," என்றான். "வேணும்னுதான் சொல்லாம இருந்தேன்."

அது அம்மாவுக்கும் கேட்டது.