கண்ணு வாங்கிய கோப்பை

எங்கள் மலையில் நாய் வளர்ப்போர் சங்கம் ஒன்று இருந்தது. அதற்கு ஒன்பது வருடம் நான்தான் காரியதரிசி. ஏற்காட்டில் மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை, அதற்கு மேல் இந்தத் தலைவலி. மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் பதினோரு பேரும் பதினான்கு நாய்களும் கூடுவோம். நாய்கள் ஒன்றையொன்று மோந்து பார்க்கும். நாங்கள் பிஸ்கட் தின்போம். வருடத்துக்கு இரண்டு தடவை கால்நடை டாக்டரைக் கூட்டிக்கொண்டு மஞ்சக்குட்டை வரை போய் ஊர் நாய்களுக்கெல்லாம் வெறிநாய் ஊசி போட்டு வருவோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ‘உறுப்பினர் செய்திகள்’ என்று இரண்டு பக்கம் எழுதி, கார்பன் வைத்துப் பிரதி எடுத்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். அதுவும் என் தலையில்தான்.

அந்தச் செய்திகளில் சாதனைப் பகுதி என்று ஒன்று உண்டு. அதில் ஒருவரையும் விடக் கூடாது என்பது தலைவர் உத்தரவு. ஆகவே ஒரு வீட்டுப் பொமரேனியன் நான்கு குட்டி போட்டது சாதனை. ஒண்டிக்கடை முக்கில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் அல்சேஷன் தபால்காரரைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்தியது சாதனை. அடுத்த மாதமே அது பழையபடி குரைக்க ஆரம்பித்ததை நான் எழுதவில்லை; எனக்கும் தாட்சண்யம் உண்டு. ஆனால் கடைசியில் ‘வெளியூர்ப் போட்டிகள்’ என்று ஒரு தலைப்பு வரும். அதன் கீழே வருடா வருடம் ஒரே வார்த்தைதான் இருக்கும். கலந்துகொண்டோம்.

தலைவர் ஓய்வுபெற்ற எஸ்டேட் மேனேஜர். வெயில் காலத்திலும் கம்பளிக் கோட்டைக் கழற்றாத மனிதர். சங்கம் தொடங்கிய வாரமே கோப்பைகள் வைப்பதற்கென்று சேலத்திலிருந்து கண்ணாடி அலமாரி ஒன்று வாங்கி வந்து தன் வீட்டு முன்னறையில் நிறுத்தியிருந்தார். பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டில் கட்டியது போல. அதற்குள் பல வருடமாகப் புழு மருந்தும் பழைய கழுத்துப் பட்டைகளும்தான் இருந்தன. சங்கக் கூட்டம் அவர் வீட்டில் நடந்தால் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பி உட்கார மாட்டோம்.

எங்கள் நாய்கள் மட்டமானவை என்று நினைத்துவிட வேண்டாம். குறை வழியில்தான் இருந்தது. போட்டி நடப்பது சேலத்தில். அங்கே இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள். மனிதர்களே பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பாதை அது. எங்கள் நாய்கள் எல்லாமே பதினைந்தாவது வளைவுக்குள் வாந்தி எடுத்துவிடும். அடிவாரம் போய்ச் சேரும்போது நாக்குத் தொங்கி, கண் செருகிக் கிடக்கும். ஆனால் ஒவ்வொருவரும் தன் நாய்க்கு மட்டும்தான் அப்படி என்று நினைத்து, வெளியே சொல்ல வெட்கப்பட்டு, சேலத்து வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வந்தோம். பல வருடம் இப்படியே ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம். படித்தவர்கள் கூடிய சங்கம்!

என் நாய் ஒரு லாப்ரடார் பெட்டை. கோதுமை நிறம். பிறந்தபோது கொடுத்த தாளில் நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. அதை நாங்களும் மதிக்கவில்லை, அவளும் மதிக்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் அவள் கண்ணுதான். சொன்ன பேச்சுக் கேட்பதில் அவளுக்கு இணை எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பிலும் இல்லை என்று ஆசிரியர் அறையிலேயே சொல்லியிருக்கிறேன். உட்காரு என்றால் உட்காருவாள். இரு என்று சொல்லிவிட்டு நான் ஏரிவரை போய் வந்தாலும் அங்கேயே இருப்பாள். இந்தக் கீழ்ப்படிதல் போட்டிக்குத்தான் அவளை மூன்று வருடம் கொண்டுபோனேன்.

முதல் வருடம், நடுவரின் பூட்ஸ் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். இரண்டாம் வருடம் தலைவரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன்; அவர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். மனிதருக்கு எலுமிச்சம்பழம் கேட்கிறதென்றால் நாய்க்கும் கேட்கும் என்று கழுத்துப் பட்டையிலேயே ஒன்றைக் கட்டிவிட்டார். வழியெல்லாம் தும்மிக்கொண்டே வாந்தி எடுத்தாள். அங்கே நடுவர் பழத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திருஷ்டிக்கா என்று மரியாதையாகக் கேட்டார். மூன்றாம் வருடம் இஞ்சி முரப்பா கொடுத்தேன். முரப்பாவும் வெளியே வந்தது.

நான்காம் வருடம், எண்பதுகளின் நடுவில், அவளுக்கு எட்டு வயது முடிந்திருந்தது. ஊசி போட வந்த டாக்டர் அவள் காதருகே விரலைச் சொடுக்கிப் பார்த்துவிட்டு, காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்றார். அடுத்த வருடம் நான் மைதானத்தின் மறுகோடியிலிருந்து கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. கூப்பிடும் குரல் கேட்காத நாய்க்குக் கீழ்ப்படிதல் போட்டியில் என்ன வேலை? இந்த வருடம் விட்டால் இல்லை. எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. கோப்பைக்காக மட்டும் அல்ல. இத்தனை புத்தியுள்ளவளைக் கீழே இருப்பவர்கள் ஒரு தடவையாவது தெளிந்த முகத்தோடு பார்க்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

மற்ற உறுப்பினர்கள் அந்த வருடம் பெயர் கொடுக்கவே இல்லை. நான் ஒருத்திதான். பாய் கடையில் பருப்பு வாங்கும்போது வயிற்றெரிச்சல் தாங்காமல் வளைவு, வாந்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாய் தராசைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க டீச்சர், நாய்க்கு நாலு காலு இருக்குதுங்களே. நடத்தியே கூட்டிட்டுப் போனா என்னங்க?”

விறகு சுமப்பவர்களும் பஸ்ஸைத் தவறவிட்டவர்களும் இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று அடிவாரத்துக்கு இருந்தது. பாய் சின்ன வயதில் அதில் இறங்கியவர். எஸ்டேட் ஜீப்புகளிலேயே யோசித்துப் பழகிய எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. துணைக்குத் தானே வருவதாகச் சொன்னார். அவருடைய அல்சேஷன் கடையைப் பார்த்துக்கொள்ளுமாம். அடிவாரத்திலிருந்து சேலம் வரை சமவெளி ரோடு. அங்கே அவர் மச்சானின் வேன் வந்து நிற்கும். தலைவரிடம் சொன்னபோது, நடந்து போவது சங்கத்துக்கு மரியாதையா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய் ஓர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, எதற்கும் இருக்கட்டும் என்று என் கைப்பையில் போட்டார்.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம் கிளம்பினோம். ஆராதனையை விட்டுவிட்டு நாய்க் கண்காட்சிக்கா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தேன். எஸ்டேட் ரைட்டர் அவர். ஆயிரம் பேருக்குச் சமாதானம் சொல்லிப் பழகியவர். பனி காலைச் சுற்றியது. காப்பிக் காட்டைத் தாண்டியதும் பாதை செங்குத்தாக விழுந்தது. என் முழங்கால் ஒவ்வொரு கல்லிலும் ஒரு சங்கீதம் பாடியது. கண்ணு மட்டும் முன்னால் ஓடி, நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்து, மறுபடி ஓடினாள். ஒரு துளி வாந்தி இல்லை. மூன்றரை மணி நேரத்தில் அடிவாரம். உடம்பெல்லாம் ஒட்டுப்புல்லும் சேறுமாக இருந்தவளை ஒரு தோட்டத்துப் பம்புசெட்டில் குளிப்பாட்டினேன். அவள் உதறிய தண்ணீரில் பாயும் குளித்தார்.

போட்டியில் முதல் சுற்று நடை. என் இடது காலோடு ஒட்டி, தலை நிமிர்ந்து நடந்தாள். மரக்கட்டையை எடுத்து வா என்று இங்கிலீஷில் சொன்னேன், எடுத்து வந்தாள். நடுவர் ஏதோ குறித்துக்கொண்டார். கடைசிச் சுற்று, படுத்திருப்பது. நாயைப் படுக்கவைத்துவிட்டுச் சொந்தக்காரர் பந்தலுக்குப் பின்னால் போய்விட வேண்டும். ஐந்து நிமிடம் அசையக் கூடாது. பிறகு மறுகோடியிலிருந்து கூப்பிட்டால் வர வேண்டும்.

நான் திரும்பி வந்து பார்க்கும்போது பக்கத்தில் இரண்டு நாய்கள் எழுந்து சண்டைக்கு நின்றன. ஒன்று பந்தல் காலில் காலைத் தூக்கிக்கொண்டிருந்தது. கண்ணு மட்டும் போட்டது போட்டபடி கிடந்தாள். கூட்டத்தில் யாரோ ‘அடடா’ என்றார்கள். ஆனால் அவள் விலா ஏறி இறங்கும் விதம் எனக்குத் தெரியும். மூன்றரை மணி நேர நடையின் அலுப்பில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அதுவும் நன்றாகக் கேட்கும் காதைத் தரையில் வைத்து.

கூப்பிட்டேன். அசைவில்லை. நடுவர் பென்சிலை எடுத்தார். இன்னும் ஒரு தடவைதான் கூப்பிடலாம். அத்தனை நேரம் இங்கிலீஷில் கட்டளை போட்டுக்கொண்டிருந்தவள், அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“கண்ணு, ஊட்டுக்குப் போலாம் வா சாமி!”

ஒரு காது எழுந்தது, பிறகு தலை, பிறகு முழு நாய். மைதானத்தைக் குறுக்கே ஓடிவந்து என் முன்னால் சரியாக உட்கார்ந்தாள். இரண்டு தடவை கூப்பிட்டதற்கு மதிப்பெண் குறைத்து இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் காது வைத்த வெள்ளி முலாம் கோப்பை. நான் அழுதேன். பாய் எங்கோ பார்த்துக்கொண்டு, தூசி நொம்ப அடிக்குதுங்க என்றார்.

திரும்பி மலை ஏறுவது எப்படி என்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. இறங்குவதைப் பற்றியே ஒரு மாதம் பேசியிருந்தோம்! கண்ணுவின் உள்ளங்கால் கல்லில் தேய்ந்து சிவந்திருந்தது. இனி நடக்க மாட்டாள். மச்சானின் பழைய வேன் மலை ஏறாது. அடிவாரத்தில் ஷேர் ஜீப் ஒன்று நின்றது. டிரைவர் நாயைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். சீட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் அங்கேயே எறங்கிக்கோணுமுங்க என்று சொல்லித்தான் ஏற்றினார்.

ஆறாவது வளைவில் கண்ணு உதட்டை நக்க ஆரம்பித்தாள். ஏழாவதில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மூன்று வருடம் பார்த்திருக்கிறேன். என் மடியில் கோப்பை இருந்தது. யோசித்தேன் என்று சொன்னால் பொய். நான்கு வருடம் ஏங்கிய அந்தக் கோப்பையை அப்படியே அவள் வாய்க்குக் கீழே நீட்டினேன். சீட்டில் ஒரு சொட்டு விழவில்லை. பாய் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் வளைவில் கையை வெளியே நீட்டிக் கவிழ்த்தேன். எனக்கு வருத்தம் துளியும் இல்லை. அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது.

இருபதாவது வளைவு தாண்டி ஜீப் ஓர் ஊற்றோரம் தண்ணீர் பிடிக்க நின்றபோது இறங்கி, மண் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். வாடை போகவில்லை. கைப்பையில் தலைவர் கொடுத்த எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது. கடித்துப் பிளந்து உள்ளும் புறமும் தேய்த்தேன். பளபளவென்று ஆனது.

ஒண்டிக்கடையில் ஜீப் நின்றால் சங்கமே அங்கே நிற்கிறது. யார் போன் செய்தார்களோ தெரியாது. தலைவர் கோட்டுக்கு மேல் ஒரு மப்ளரும் சுற்றிக்கொண்டு, கையில் பெரிய பிளாஸ்க்கோடு முன்னால் நின்றார். கோப்பையை வாங்கி இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். பிறகு, ஜெயித்த கோப்பையில் எல்லாரும் ஒரு வாய் குடிப்பதுதான் முறை என்று சொல்லி, பிளாஸ்க்கைத் திறந்து தன் எஸ்டேட் காப்பியை அதில் ஊற்றத் தொடங்கினார்.

பாய் என் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னார். “சொல்லீர்லாமுங்க டீச்சர்.”

சொல்ல வாயைத் திறந்தேன். தலைவர் முகத்தைப் பார்த்தேன். வாய் மூடிக்கொண்டது. எப்படியும் முதல் வாய் சொந்தக்காரிக்குத்தான். வாங்கி ஒரு மடக்கு குடித்தேன். புளித்தது. அடுத்து தலைவர் குடித்தார், பிறகு எட்டுப் பேர் வரிசையாகக் குடித்தார்கள். பாய் மட்டும், எனக்குக் கிளாஸ்லயே குடுங்க, போதுமுங்க என்றார். குடித்தவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். கோப்பை அலமாரிக்குப் போனது. உறுப்பினர் செய்திகளில் வெளியூர்ப் போட்டிகள் என்ற தலைப்பின் கீழ் அந்த வருடம் முக்கால் பக்கம் எழுதினேன். எழுதாமல் விட்டது கால் பக்கம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தலைவர் மகனோடு இருக்கக் கீழே கிளம்பினார். சாமான் கட்ட உதவப் போயிருந்தேன். கண்ணு இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் அலமாரியைத் திறந்து கோப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார். இனியும் மறைத்தால் பாவம் என்று தோன்றி, அன்று ஜீப்பில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

“காப்பியில எலுமிச்சம்பழ வாசம் வந்தப்பவே தெரிஞ்சுதுங்க டீச்சர். நான் குடுத்த பழந்தானுங்களே. பாய் கிளாஸ் கேட்டப்ப உறுதியாயிருச்சு.”

தெரிந்துமா குடித்தீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க குடிச்சீங்கல்ல? நம்ம புள்ளை வாந்திதானுங்க அது.”

அவர் குனிந்து அடுத்த பெட்டிக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தார். நான் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன்.